நீதிப்பேராணை முதல் ரெப்போ வரை: திருப்புதலுக்கு நான் பின்பற்றும் வழி

குரூப் 4 தேர்வுக்குப் படித்தபோது அரசியலமைப்புப் பகுதியை மூன்று முறை வாசித்திருந்தேன். மாதிரித் தேர்வில் நீதிப்பேராணைக் (உரிமையைக் காக்க உச்ச நீதிமன்றமோ உயர் நீதிமன்றமோ இடும் ஆணை) கேள்வி வந்ததும் தடையுறுத்துவதா, ஆவணக் கேட்பா என்று பேனா நின்றுவிட்டது. வரையறைகள் மனப்பாடம்தான். எது எந்த இடத்தில் பொருந்தும் என்பது பிடிபடவில்லை. அதற்குப் பிறகு திருப்புதல் செய்யும் முறையையே மாற்றினேன்.

படி 1: பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகத்தை எடுங்கள். கைடு வேண்டாம், அதில் விடை இருக்கும், காரணம் இருக்காது.

படி 2: கோடு போடாத வெள்ளைத்தாளில் மூன்று கட்டம் போடுங்கள். அடிப்படை உரிமைகள் (பகுதி 3, பிரிவு 12–35), அரசு நெறிமுறைக் கோட்பாடுகள் (பகுதி 4, பிரிவு 36–51), அடிப்படைக் கடமைகள் (பிரிவு 51அ, 1976-இல் 42-ஆவது திருத்தத்தில் வந்தது). முதல் கட்டத்தில் இருப்பது மீறப்பட்டால் நீதிமன்றம் போகலாம். இரண்டாவதை அப்படி வழக்குப் போட்டு அமல்படுத்தச் சொல்ல முடியாது.

படி 3: இங்கே அவசரப்படாதீர்கள். ஐந்து பேராணைகளுக்கும் இரண்டே கேள்வி: யாருக்கு எதிராக? வழக்கின் எந்த நிலையில்?

ஒரு தீர்ப்பாயம் தன் அதிகாரத்துக்கு உட்படாத வழக்கை விசாரிக்க ஆரம்பிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தாளில் ஒரு கோடு இழுத்து, நடுவில் புள்ளி வைத்து ‘உத்தரவு’ என்று எழுதுங்கள். புள்ளிக்கு முன்னால், விசாரணை நடக்கும்போதே நிறுத்துவது தடையுறுத்தும் நீதிப்பேராணை. புள்ளியைத் தாண்டியபின், ஆவணங்களை வரவழைத்து உத்தரவை ரத்து செய்வது ஆவணக் கேட்பு நீதிப்பேராணை. இந்தக் கோட்டைப் போட்ட நாளிலிருந்து எனக்குக் குழப்பமே இல்லை.

மற்ற மூன்றும் சுலபம். சான்றிதழ் விண்ணப்பத்துக்குப் பதிலே சொல்லாமல் அலுவலகம் கிடப்பில் போட்டால் கட்டளையுறுத்தும் பேராணை. சட்டவிரோதமாக அடைத்து வைத்தால் ஆட்கொணர்வு. அடைத்தவர் தனியார் என்றாலும் செல்லும். தகுதியில்லாதவர் அரசுப் பதவியில் உட்கார்ந்தால் தகுதிமுறை வினவுதல்.

படி 4: பொருளியலுக்கும் ‘யார், யாருக்கு’ என்றே கேளுங்கள். ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் கொடுத்தால் ரெப்போ. அவர்களிடமிருந்து வாங்கினால் ரிவர்ஸ் ரெப்போ. அப்புறம், ஓட்டலில் சாப்பிட்ட பில் ஒன்றை எடுத்துப் பாருங்கள். 5 சதவீத ஜிஎஸ்டி, 2.5 மத்திய அரசுக்கு, 2.5 மாநில அரசுக்கு என்று பிரிந்திருக்கும். அரசிடம் கட்டுபவர் ஓட்டல்காரர், சுமப்பவர் நீங்கள். மறைமுக வரிக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

படி 5: மறுநாள் காலை புத்தகத்தை மூடிவிட்டு, அந்தத் தாளை வெறும் ஞாபகத்தில் வரைந்து பாருங்கள். வண்ணப் பேனாவால் வரிகளுக்கு மேல் தீட்டுவது படித்த மாதிரி ஒரு உணர்வைத் தரும், அவ்வளவுதான். மூடிய புத்தகம்தான் உண்மையைச் சொல்லும்.

பின்சேர்க்கை: பிரிவு 32-க்கும் 226-க்கும் என்ன வித்தியாசம் என்று பலர் கேட்டிருந்தீர்கள். இரண்டும் பேராணை பிறப்பிக்கும் அதிகாரத்தைத் தருபவை. 32 உச்ச நீதிமன்றத்துக்கு. அடிப்படை உரிமை மீறப்பட்டால் மட்டும். 226 உயர் நீதிமன்றத்துக்கு. மற்ற சட்ட உரிமைகளுக்கும் பொருந்தும். மேலே சொன்ன சான்றிதழ் விஷயத்துக்கு 226-தான். தாளில் அதன் பக்கத்திலேயே அந்த எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள்.