பழைய ‘9999 இன் 1’ வீடியோ கேமை மறுபடி ஓட வைத்து ஆடுவது எப்படி?

1998-இல் மதுரை தமுக்கம் மைதானத்துச் சித்திரைப் பொருட்காட்சியில் அப்பா எங்களுக்கு ஒரு வீடியோ கேம் வாங்கிக் கொடுத்தார். கைக்கு அடக்கமான மஞ்சள் பெட்டி, சின்னத் திரை, வலது கட்டைவிரலுக்கு ஒரு பெரிய உருண்டைப் பட்டன். அட்டையில் ‘9999 இன் 1’ என்று போட்டிருந்தது. ‘பிரிக் கேம்’ என்று அதன் நெற்றியிலேயே எழுதியிருந்தும் எங்கள் வீட்டில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. எங்களுக்கு அது ‘வீடியோ கேம்’தான்.

இந்த வருடம் போகிக்கு ஒரு வாரம் முன்னால் பரணை ஒழித்தபோது அது கையில் கிடைத்தது. பேட்டரி அறையில் பச்சை பூத்திருந்தது. இடது பட்டன் வேலை செய்யவில்லை. திரையில் இரண்டு வரிசையைக் காணோம். ஒரு மதியம் உட்கார்ந்து மூன்றையும் சரிசெய்தேன். எலெக்ட்ரானிக்ஸ் படிப்பு எதுவும் எனக்குக் கிடையாது. உங்கள் வீட்டிலும் ஒன்று கிடந்தால் தூக்கிப் போடுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

சின்ன ஸ்டார் திருப்புளி, புதுப் பென்சில் பேட்டரி இரண்டு, காது குடையும் பஞ்சுக் குச்சிகள், பழைய டூத் பிரஷ், கொஞ்சம் ஆப்பச் சோடா, கொஞ்சம் வினிகர். இவற்றோடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஒரு சின்ன பாட்டில். மொபைல் ரிப்பேர் சாமான் விற்கும் கடையில் ‘ஐபிஏ’ என்று கேட்டால் தெரியும். கைக்குத் தடவும் சானிடைசரை அதற்குப் பதிலாக ஊற்றாதீர்கள். அதில் உள்ள பசை உள்ளே படிந்துவிடும்.

படி 1: பேட்டரி அறை

பழைய பேட்டரி உள்ளேயே இருந்து கசிந்திருந்தால் கம்பிச் சுருளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொருக்குத் தட்டியிருக்கும். அதை வெறும் கையால் தொடாதீர்கள்.

எதைக் கொண்டு கழுவுவது என்பது எந்த பேட்டரி கசிந்தது என்பதைப் பொறுத்தது. பெட்டிக்கடையில் மலிவாக விற்கும் சாதாரண பேட்டரி ஜிங்க்-கார்பன் வகை. அதன் கசிவு அமிலத் தன்மை உள்ளது, எனவே ஆப்பச் சோடாவைத் தண்ணீரில் குழைத்துத் தடவ வேண்டும். ‘ஆல்கலைன்’ என்று எழுதியிருக்கும் விலை கூடிய பேட்டரியின் கசிவு காரத் தன்மை உள்ளது. அதற்கு வினிகரோ எலுமிச்சைச் சாறோ சரி. 90-களில் நம் வீடுகளில் போட்டது பெரும்பாலும் முதல் வகைதான். நான் சோடாவைத்தான் பயன்படுத்தினேன்.

டூத் பிரஷால் மெதுவாகத் தேய்த்து, ஈரத் துணியால் துடைத்து, கடைசியில் ஐபிஏ தொட்ட பஞ்சால் ஒருமுறை துடையுங்கள். கம்பியில் துரு மிச்சம் இருந்தால் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து உலோகம் மினுக்கும் வரை கொண்டு வாருங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு புது பேட்டரியைப் போடுங்கள். ரீசார்ஜ் செய்யும் பேட்டரி ஒவ்வொன்றும் 1.2 வோல்ட்தான் தரும், சாதாரண பேட்டரி 1.5. ரீசார்ஜ் பேட்டரியைப் போட்டால் திரை கொஞ்சம் மங்கலாகத் தெரியலாம்.

பல பெட்டிகள் இந்த இடத்திலேயே உயிர் பெற்றுவிடும். பொருட்காட்சி நாளில் கேட்ட அதே கீச்சுக் குரல் பாட்டு என் பெட்டியிலிருந்து 27 வருடத்துக்கு மேல் கழித்து வந்தபோது சமையலறையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தார்.

படி 2: என்ன கெட்டிருக்கிறது என்று கண்டுபிடிப்பது

ஆட்டத்தைத் தொடங்கி வேண்டுமென்றே தோற்றுவிடுங்கள். தோற்றதும் கட்டங்கள் கீழிருந்து மேல்வரை ஒவ்வொரு வரிசையாக நிரம்பி, பிறகு மறையும். அந்த ஒரு நொடிதான் உங்களுக்குத் தேவை. எந்த வரிசை, எந்தப் பத்தி நிரம்பவில்லை என்று அப்போது பளிச்செனத் தெரியும்.

இந்தத் திரையில் படம் எதுவும் வரையப்படுவதில்லை. 10 அகலம், 20 உயரம், மொத்தம் 200 கட்டங்கள் கண்ணாடியிலேயே முன்கூட்டி வார்த்து வைக்கப்பட்டவை. பெட்டி செய்வதெல்லாம் எதைக் கறுப்பாக்குவது, எதை விடுவது என்பது மட்டுமே. அந்த 200 கட்டங்களுக்குள்ளேயே காரும் டாங்கியும் பாம்பும் தவளையும் வந்துவிட்டன. கார் என்பது வெறும் ஏழு கட்டம்: மேலே ஒன்று, அதன் கீழே மூன்று, பிறகு ஒன்று, அடியில் சக்கரம் போல இரண்டு. அந்த ஏழு புள்ளிகளை ஒருநாளும் புள்ளியாக நாங்கள் பார்த்ததில்லை, அது கார்தான். இந்தக் கருவி மேல் எனக்கு இத்தனை பிரியம் இருப்பதற்கு இதுவே முதல் காரணம்.

ஒரு வரிசையோ பத்தியோ முழுதாகக் காணாமல் போயிருந்தால் கண்ணாடிக்கும் உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகைக்கும் நடுவே தொடர்பு விட்டிருக்கிறது, சரிசெய்துவிடலாம். மை கொட்டினாற்போல ஒரு கறுப்புத் திட்டு பரவியிருந்தால் கண்ணாடி உடைந்திருக்கிறது. அதற்கு மருந்து இல்லை.

படி 3: திறப்பது

பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பின்பக்கத்துத் திருகுகளை எடுங்கள். பேட்டரி அறைக்குள்ளும் ஒன்று ஒளிந்திருக்கலாம். எந்தத் திருகு எந்த ஓட்டையிலிருந்து வந்தது என்று ஒரு தாளில் படம் போட்டு அதன்மேலேயே வைத்துவிடுவது நல்லது.

மூடியைச் சட்டென்று பிளக்கக் கூடாது. பேட்டரியிலிருந்து வரும் இரண்டு வயர்களும், சத்தம் எழுப்பும் மெல்லிய பித்தளைத் தட்டிலிருந்து வரும் இரண்டு வயர்களும் முடி போல மெலிந்தவை. இழுத்தால் பற்றவைத்த இடத்தில் விட்டுவிடும். புத்தகம் போல ஒரு பக்கமாகத் திறந்து வையுங்கள். பலகையின் நடுவே கறுப்பாக, தார்ச்சொட்டு போல ஒன்று இருக்கும். அதற்குள்தான் சிப் இருக்கிறது. அதைச் சுரண்ட வேண்டாம்.

படி 4: பட்டன்

பட்டன்களின் அடியில் ஒரு ரப்பர் விரிப்பு இருக்கும். ஒவ்வொரு பட்டனுக்கும் கீழே அதில் ஒரு கறுப்புக் கார்பன் பொட்டு. அது பலகையில் சீப்புப் பல் போலக் கோத்திருக்கும் கோடுகளைத் தொட்டால் பெட்டிக்கு அழுத்தம் தெரியும். டிவி ரிமோட்டிலும் இதே ஏற்பாடுதான். வியர்வையும் தூசியும் இரண்டுக்கும் நடுவே படிவதால்தான் பட்டன் அழுத்தினாலும் கேட்பதில்லை.

பஞ்சில் ஐபிஏ தொட்டுக் கோடுகளையும் பொட்டையும் துடையுங்கள். பொட்டை அழுத்தித் தேய்த்தால் கார்பனே உதிர்ந்துவிடும். கோடுகளில் உப்புத்தாள் படவே கூடாது. பொட்டு ஏற்கெனவே தேய்ந்து வழுவழுப்பாக இருந்தால், மிருதுவான 4பி பென்சிலால் அதன்மேல் பல தடவை நிரப்புங்கள். பென்சிலின் கிராஃபைட்டும் மின்சாரம் கடத்தும். என் இடது பட்டன் இப்படித்தான் திரும்பி வந்தது.

படி 5: திரை

பலகையையும் கண்ணாடியையும் இணைப்பது இரண்டில் ஒன்றாக இருக்கும். ரப்பர் பட்டை என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். உற்றுப் பார்த்தால் கறுப்பும் வெளுப்பும் மாறி மாறித் தெரியும், அதனால் அதை ‘ஜீப்ரா’ என்பார்கள். பட்டையை எடுத்து, கண்ணாடியின் ஓரத்தையும் பலகையின் பளபளக்கும் கோடுகளையும் ஐபிஏ கொண்டு துடைத்து, காய்ந்ததும் நேராகத் திரும்ப வைத்துத் திருகுகளைச் சமமாக இறுக்கினால் போதும். ஒரு பக்கம் மட்டும் இறுகினால் மறுபக்கத்து வரிசைகள் மறையும்.

சாம்பல் நிற ரிப்பன் என்றால் அது சூட்டில் ஒட்டப்பட்டது. அதை உரிக்கக் கூடாது. ரிப்பன்மேல் காகிதம் வைத்து, லேசாகச் சூடேறிய சால்டரிங் அயர்னின் பக்கவாட்டால் ஓரிரு நொடி அழுத்தி எடுப்பார்கள். முதல்முறை செய்பவர் இதை மொபைல் ரிப்பேர் கடையில் கொடுப்பதே பாதுகாப்பு. சூடு கொஞ்சம் கூடினாலும் ரிப்பன் சுருங்கிவிடும்.

மூடுவதற்கு முன் பேட்டரியைப் போட்டு ஒருமுறை சோதியுங்கள். எல்லாம் சரி என்றால் திருகிவிடலாம்.

படி 6: எங்கிருந்து ஆடத் தொடங்குவது

9999 ஆட்டங்களைத் தேடாதீர்கள். என் பெட்டியில் நிஜமாகவே வேறுபட்ட ஆட்டங்கள் பதினைந்துக்குள்தான். மிச்சமெல்லாம் அதே ஆட்டம் வேறு வேகத்தில், வேறு நிலையில். சின்ன வயதில் இதைக் கண்டுபிடித்தபோது எனக்கு அழுகையே வந்தது. இப்போது ஆடும்போது, கிடைத்த அந்தச் சிலவற்றில் இரண்டை ஆழமாகப் பழகுவதில்தான் சுகம் இருக்கிறது. கார் ரேஸ் விரல் பழக. கட்டை அடுக்குவது, அதாவது விழும் கட்டைகளால் வரிசையை நிரப்பி அழிக்கும் டெட்ரிஸ், நாள் முழுக்க.

டெட்ரிஸை 1984-இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் உருவாக்கினார். அவர் பயன்படுத்திய எலெக்ட்ரோனிகா 60 கணினியில் படம் வரையும் வசதி இல்லாததால் அடைப்புக்குறிகளைச் சேர்த்துத்தான் கட்டைகளைக் காட்டினார். கட்டத்தைத் தவிர வேறெதுவும் கேட்காத ஆட்டம் என்பதால்தான் நம் 200 கட்டப் பெட்டியிலும் அது குறைவில்லாமல் உட்கார்ந்தது. 1989-இல் வந்த கேம் பாய் டெட்ரிஸில் கட்டைகள் விழும் குழியின் உயரம் 18 வரிசை. நம்முடையதில் 20.

இனி ஆட்டம். வேகத்தை மிகக் குறைவாக வையுங்கள். வலது ஓரத்தில் ஒரு பத்தியைக் காலியாக விட்டு, மற்ற ஒன்பதையும் மேடுபள்ளம் இல்லாமல் அடுக்குங்கள். நாலு வரிசை நிறைந்ததும் நீளக் கட்டையைச் செங்குத்தாக அந்தச் சந்தில் இறக்குங்கள். பல மாடல்களில் ஒரு வரிசை அழித்தால் 100, இரண்டுக்கு 300, மூன்றுக்கு 700, நாலையும் ஒன்றாக அழித்தால் 1500. தனித்தனியாக நாலு முறை அழித்தால் 400 மட்டுமே. காத்திருப்பதற்கு இவ்வளவு கூலி தரும் ஆட்டம் இது என்று பத்து வயதில் எங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை.

இந்தப் பெட்டியின் குறைகளுக்கும் பழக வேண்டும். கட்டை ஒரே திசையில்தான் திரும்பும். சுவரை ஒட்டிய நீளக் கட்டை என்னுடையதில் திரும்பவே மறுக்கும், செல்போன் டெட்ரிஸைப் போலத் தானாக நகர்ந்து இடம் கொடுக்காது. எனவே மேலே தெரிந்தவுடனே திருப்பிவிட்டு, பிறகு ஓரத்துக்குத் தள்ளுங்கள். அடுத்து வரும் கட்டை வலதுபக்கத்துச் சின்னக் கட்டத்தில் தெரியும், ஒரு கண் எப்போதும் அங்கே இருக்கட்டும். திரையில் வெளிச்சம் கிடையாது. ஜன்னலோரம் உட்கார்ந்து பெட்டியைச் சற்றே சாய்த்துப் பிடித்தால் கட்டங்கள் கறுத்துத் தெரியும்.

படி 7: ஒரு நோட்டு

அதிகபட்ச ஸ்கோரைப் பெட்டி ஞாபகம் வைத்திருக்கும், பேட்டரி உள்ளே இருக்கும் வரை. கழற்றினால் எல்லாம் பூஜ்யம். பேட்டரி தீரப்போகிறது என்று தெரிந்தால் அக்கா கத்துவாள்: “டேய், ஸ்கோரை எழுதிட்டுக் கழட்டு!” அவளுடைய ஏழாம் வகுப்புக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எங்கள் இருவரின் எண்களும் இருந்தன. அந்த நோட்டு பரணில் கிடைக்கவில்லை.

அதனால் புது நோட்டு ஒன்று போட்டேன். நீங்களும் பெட்டியோடு ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் வையுங்கள். தேதி, பெயர், ஸ்கோர், தொடங்கிய வேகம் இவ்வளவு போதும்.

காணும் பொங்கலன்று அக்கா குழந்தைகளோடு வந்தாள். பெட்டியை வாங்கியதும் முதல் வேலையாகச் சத்தத்தை நிறுத்தினாள். அப்பா மதியம் தூங்கும்போது ஆடிய பழக்கம் அவள் விரலில் அப்படியே இருந்தது. திண்ணையில் வெளிச்சம் பார்த்து உட்கார்ந்தாள், முக்கால் மணி நேரம் நிமிரவில்லை. நோட்டின் முதல் வரி அவளுடையது: ஜனவரி 17, 24,300. இரண்டாவது வரி அவள் மகளுடையது, 1,100. அதற்குக் கீழே என்னுடையது.