கடற்கரைக் கேமராக்காரர்களின் தவறுகள்: கடலூர், புதுச்சேரிப் பக்கம் படம் எடுப்பவர்களுக்கு

சாயங்காலம் ஐந்தரைக்கு தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் ட்ரைபாடை விரித்து, கடலைப் பார்த்தபடி காத்திருந்த ஒருவனைப் பத்து வருஷத்துக்கு முன்னால் நீங்கள் பார்த்திருக்கலாம். அது நான்தான். கடலூரில் பிறந்தவனுக்குச் சூரியன் எந்தப் பக்கம் இறங்கும் என்று தெரியாதா? தெரியும். ஆனாலும் மாலை நேரத்தில்தான் பொன் வெளிச்சம் கிடைக்கும் என்று ஏதோ ஒரு வெளிநாட்டு வீடியோவில் கேட்டுவிட்டு வந்து நின்றேன். கிடைத்ததெல்லாம் சாம்பல் நிறக் கடல், சாம்பல் நிற வானம், பின்னால் சுண்டல் வண்டிக்காரரின் பெட்ரோமாக்ஸ் மாதிரி மின்னும் எல்இடி விளக்கு.

நாம் செய்யும் தவறுகளில் பாதி இப்படித்தான் வருகிறது. எங்கோ ஒரு ஊர் வெயிலுக்கும் காற்றுக்கும் சொன்ன யோசனையை இங்கே கொண்டுவந்து பொருத்திப் பார்க்கிறோம். இது சோழமண்டலக் கரை. இங்கே வெளிச்சம் வேறு, உப்பு வேறு.

முதலில் வெளிச்சம்

கடலோடு சேர்த்துச் சூரியனை எடுக்க வேண்டும் என்றால் விடியற்காலை மட்டுமே வழி. ஜூனில் காலை 5.45 வாக்கிலேயே உதித்துவிடும். ஜனவரி கடைசியில் 6.30 தாண்டும். உதயத்துக்கு அரைமணி முன்பே அங்கே இருக்க வேண்டும், ஏனென்றால் நல்ல நிறம் வருவது அப்போதுதான். பலர் சூரியன் தலை காட்டும்போது பைக்கை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருப்பார்கள். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலையிலிருந்து காலை வரை வண்டி விடமாட்டார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள். ட்ரைபாடைத் தூக்கிக்கொண்டு நடக்கும் ஐந்து நிமிடம் அந்த நேரத்தில் பெரிய விஷயம்.

பொன் வெளிச்சம் நிற்கும் நேரத்துக்கு 'கோல்டன் ஹவர்' என்று ஒரு மணி நேரக் கணக்குச் சொல்வார்களே, அதை நம்பி டீ குடிக்கப் போகாதீர்கள். நாம் இருப்பது சுமார் 12 பாகை அட்சரேகையில். இங்கே சூரியன் ஏறக்குறைய நேர்குத்தாக மேலே ஏறும். அடிவானத்திலிருந்து ஆறு பாகை உயர 25 நிமிடம் போதும். லண்டன் குளிர்காலத்தில் அதே உயரத்துக்கு இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும். அவர்களுக்கு ஒரு மணி நேரம், நமக்கு அரைமணி. அதற்கு மேல் எடுக்கும் படமெல்லாம் சுள்ளென்ற வெயில் படம்தான்.

இன்னொன்று, போன மாதம் எடுத்த அதே படத்தை இந்த மாதமும் எடுக்கலாம் என்று போவது. சூரியன் ஒரே இடத்தில் உதிப்பதில்லை. ஜூனில் நேர்கிழக்குக்கு 24 பாகை வடக்கே, டிசம்பரில் அதே அளவு தெற்கே உதிக்கும். புதுச்சேரி காந்தி சிலைப் பக்கம் கடலுக்குள் நிற்கும் கம்பங்கள் இருக்கின்றனவே, 1952 புயலில் சிதைந்த பழைய பாலத்தின் மிச்சம், அவற்றுக்கு நடுவே சூரியனை வைத்து எடுக்க வேண்டும் என்று நான் இரண்டு முறை போய் ஏமாந்தேன். மூன்றாவது முறைதான் போகும் முன் செல்போனில் சூரியனின் திசை காட்டும் செயலியைத் திறந்து பார்க்கும் புத்தி வந்தது.

மாலைக் கடல்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது: நிலா. பௌர்ணமியன்று சூரியன் மறையும் நேரத்தில் கடலிலிருந்து நிலா எழும். ஆனால் பௌர்ணமியன்றே போவதும் ஒரு சின்னத் தவறு. நிலா மேலே வருவதற்குள் வானம் கறுத்துவிடும்; நிலா வெள்ளைப் பொட்டாக வெளிறும், இல்லாவிட்டால் கடல் கறுப்பாகிவிடும். முந்தின நாளே போங்கள். ஏறக்குறைய முக்கால் மணி நேரம் முன்னதாக வரும், வானத்தில் இன்னும் வெளிச்சம் இருக்கும், படகும் தெரியும் நிலாவும் தெரியும்.

நண்பகலில் கேமராவைத் தூக்கவே கூடாதா என்றால், தூக்கலாம், நிழலுக்குள் நின்றால். ஏப்ரல் 21 வாக்கிலும் ஆகஸ்ட் 22 வாக்கிலும் உச்சிச் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வரும். ஆளின் நிழல் காலடியிலேயே சுருண்டு கிடக்கும், கண்குழியெல்லாம் கறுப்பாகும். அந்த நேரத்தில் கடற்கரையில் கல்யாண ஜோடியை நிறுத்தி எடுப்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. நாலு தெரு தள்ளி, புதுச்சேரி தமிழர் பகுதியில் திண்ணையும் தாழ்வாரமும் வைத்த வீடுகள் இருக்கின்றன. எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் முகத்தில் விழுவதைப் போல எந்த ஸ்டுடியோ குடையும் தராது. மஞ்சள் சுவர் தெருக்களுக்கும் கணக்கு உண்டு. துமாஸ் வீதி, ரோமன் ரோலண்ட் வீதி எல்லாம் கடலுக்கு இணையாகத் தெற்கு வடக்காக ஓடுபவை. காலையில் தெருவின் மேற்கு வரிசை வீடுகளின் முகப்பில் வெயில் விழும், மாலையில் கிழக்கு வரிசையில். இது தெரியாமல் நிழல் பக்கச் சுவரை எடுத்துவிட்டு, பிறகு கணினியில் மஞ்சளை ஏற்றுவது வீண் வேலை.

வெள்ளை வேட்டி, கறுத்த முகம்

வெளிச்சத்தை அளக்கும் கேமரா மீட்டருக்கு வேட்டி எது, மணல் எது என்று தெரியாது. எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். வெள்ளை வேட்டி கட்டிய நம் பெரியப்பாவை வெளுத்த மணலில் நிறுத்தி ஆட்டோவில் எடுத்தால் வேட்டி அழுக்கு வேட்டியாகும், முகம் கரியாகும். பளபளக்கும் கடல் பின்னால் இருந்தால் இன்னும் மோசம். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் என்ற பொத்தானை வாங்கிய நாள் முதல் தொடாதவர்கள் நிறையப் பேர். பிளஸ் 0.7, பிளஸ் 1 என்று ஏற்றிப் பாருங்கள். முகம் முக்கியம் என்றால் ஸ்பாட் மீட்டரிங் வைத்து முகத்தில் அளவெடுங்கள். வேட்டியின் மடிப்பு வெளுத்துப்போகாத அளவுக்கு ஏற்றினால் போதும்.

பிச்சாவரத்தில் இது தலைகீழ். சுரபுன்னைக் காட்டின் குறுகிய வாய்க்காலுக்குள் படகு நுழைந்ததும் சுற்றிலும் இருட்டு, இலை இடுக்கில் மட்டும் வெயில் கொட்டும். கேமரா இருட்டைப் பார்த்து வெளிச்சத்தை ஏற்றும், இலைகள் எல்லாம் வெந்து வெள்ளையாகிவிடும். அங்கே மைனஸ் பக்கம் போக வேண்டும். வெந்த வெள்ளையை எந்த மென்பொருளும் மீட்டுத் தராது, இருட்டை ஓரளவு மீட்கலாம், அதுவும் சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாக எடுத்திருந்தால். எடுத்த படம் சரியா என்று வெயிலில் நின்று திரையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அந்த வெயிலில் எல்லாப் படமும் இருட்டாகத்தான் தெரியும். படத்தில் இருட்டு எவ்வளவு, வெளிச்சம் எவ்வளவு என்று காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பாருங்கள்.

நிறத்தைப் பற்றிச் சொல்லும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன். செல்போனில் 'பியூட்டி' போட்டு மீனவர் முகத்தை மாவு பூசினாற்போல் வெளுப்பாக்கும் பழக்கம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. வெயிலில் காய்ந்த தோலின் மினுமினுப்புதான் அந்தப் படத்தின் உயிர்.

பொருள் வாங்குவதில்

இதில் அதிகம் சொல்ல எனக்கு விருப்பமில்லை, ஏனென்றால் பேச்சு ஆரம்பித்தால் முடியாது. ஒரே ஒரு அனுபவம். பழைய 50 எம்எம் எஃப் 1.8 டி லென்ஸ் ஒன்று மலிவாக வருகிறதே என்று வாங்கினேன். என் நிக்கான் டி3000 வரிசைக் கேமராவுக்குள் ஆட்டோபோகஸ் மோட்டார் கிடையாது. அந்த லென்ஸுக்குள்ளும் கிடையாது. மூன்று மாதம் கையால் வளையத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன். செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது லென்ஸ் மாட்டுகிறதா என்று பார்ப்பது பாதிதான், வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். அதோடு, சின்ன சென்சார் கேமராவில் 50 எம்எம் என்பது 75 அல்லது 80 எம்எம் போலக் காட்சியைக் குறுக்கிக் காட்டும். புதுச்சேரியின் ஒடுங்கிய தெருவில் ஒரு வாசலை முழுதாக எடுக்க எதிர்வீட்டுச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாலும் போதாது. அந்தத் தெருக்களுக்கு 35 எம்எம்தான் சரி. கேமராவோடு சேர்த்தே வரும் கிட் லென்ஸை இளக்காரமாகப் பார்ப்பவர்கள், துளையை எஃப் 8 அளவுக்குச் சுருக்கி வைத்து ஒரு காலை முழுக்க எடுத்துவிட்டு வந்து பேசட்டும்.

உப்பும் பூஞ்சையும்

இதைப் படிக்காவிட்டால் மற்ற எதைப் படித்தும் பயனில்லை.

2015 நவம்பரில் கடலூர் மாவட்டமே மழையில் மிதந்தது நினைவிருக்கும். அந்த ஒரு மாதம் கேமராவைப் பையோடு பீரோ மேல் வைத்துவிட்டேன். ஜனவரியில் எடுத்துப் பார்த்தால் படமெல்லாம் மெல்லிய புகை போர்த்தியதுபோல் இருந்தது. பழுது பார்ப்பவர் லென்ஸை வாங்கி, டியூப்லைட்டுக்கு நேரே சாய்த்துப் பிடித்து, என்னையும் எட்டிப் பார்க்கச் சொன்னார். உள் கண்ணாடியின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சிலந்தி நூல் போலக் கிளை கிளையாக ஓடியிருந்தது. பூஞ்சை. துடைத்தாலும் கண்ணாடியின் பூச்சில் அரித்த தடம் சில சமயம் நின்றுவிடும் என்றார். எனக்கு நின்றுவிட்டது.

பையிலோ தோல் உறையிலோ மூடி வைப்பது பூஞ்சைக்கு வீடு கட்டிக்கொடுப்பது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பதமானி. முள் 40 சதவீதத்துக்கும் 50 சதவீதத்துக்கும் நடுவில் நிற்க வேண்டும். வசதி இருந்தால் மின்சார டிரை கேபினெட். ஜெல் மணிகள் நிறம் மாறிவிட்டால் சூடாக்கி ஈரத்தை விரட்டலாம், ஆனால் சமையல் சட்டியில் வேண்டாம். நீல மணிகளில் கோபால்ட் என்ற நச்சுப்பொருள் இருக்கும். அரிசிப் பானைக்குள் கேமராவைப் புதைக்கும் வைத்தியம் வீட்டுக்கு வீடு நடக்கிறது. அரிசி மாவுத் தூசிதான் வளையத்துக்குள் போகும்.

ஏசி அறையில் தங்கிவிட்டு விடியற்காலையில் நேராகக் கடற்கரைக்குப் போனால் லென்ஸ் குப்பென்று வியர்த்துவிடும். சட்டை நுனியால் துடைப்பார்கள், மறுபடி வியர்க்கும், அதற்குள் சூரியன் வந்துவிடும். எழுந்தவுடன் கேமராவைப் பையோடு அறைக்கு வெளியே வைத்துவிட்டுப் பல் துலக்குங்கள். அரைமணியில் வெளிச்சூட்டுக்குப் பழகிவிடும்.

லென்ஸ் முன்னால் திருகி மாட்டும் கண்ணாடியான 'யூவி ஃபில்டர் தேவையே இல்லை' என்று அடித்துச் சொல்பவர்கள் உப்புக்காற்றில் நின்றிருக்கமாட்டார்கள். கரையில் ஒரு மணி நேரம் நின்றாலே முன்கண்ணாடியில் பிசுபிசுப்பாக ஒரு படலம் படியும். அது ஃபில்டரில் படியட்டும். இரவில் தெருவிளக்குகளை எடுக்கும்போது மட்டும் கழற்றிவிடுங்கள், மலிவான ஃபில்டரில் விளக்கின் பேய் பிம்பம் விழும். மணல் இருக்கும்போது துணியால் துடைப்பது கண்ணாடியை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம். முதலில் புளோயரால் ஊத வேண்டும். வாயால் ஊதினால் எச்சில்தான் போகும். வீட்டுக்கு வந்ததும் கேமரா உடலைப் பிழிந்த ஈரத்துணியால் துடையுங்கள், உலர்ந்த துணியில் உப்பு வராது. ட்ரைபாட் காலை நல்ல தண்ணீரில் அலசிக் காயவைக்காவிட்டால் நாலே மாதத்தில் பூட்டு இறுகிவிடும். கரையில் நின்று லென்ஸ் மாற்றுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அசைவு

கேமராவின் வெளிச்ச உணர்திறனான ஐஎஸ்ஓவை ஏற்றினால் படத்தில் புள்ளி விழும் என்று பயந்து 400-ஐத் தாண்டாதவர்கள் உண்டு. புதுச்சேரி ஊசுடு ஏரியில் பறக்கும் நாரையை 1/250 நொடி ஷட்டர் வேகத்தில் எடுத்துவிட்டு, லென்ஸ் சரியில்லை என்பார்கள். லென்ஸில் இருக்கும் ஸ்டெபிலைசர் உங்கள் கை நடுக்கத்தைத்தான் தடுக்கும், பறவையின் சிறகை நிறுத்தாது. பறக்கும் பறவைக்கு 1/1600, வலை வீசுபவருக்கு 1/800 வாக்கில் வைத்துவிட்டு ஐஎஸ்ஓவைக் கேமரா கையில் விடுங்கள். புள்ளியைக் குறைக்கலாம், கலங்கியதை ஒன்றும் செய்ய முடியாது. கூடு கட்டிய மரத்தடிக்குப் போய் நிற்பதையும், பறக்கவிட்டு எடுக்க வேண்டும் என்று கல் எறிவதையும் தவறு என்ற பட்டியலில் சேர்க்க மனம் வரவில்லை. அதற்கு வேறு பெயர்.

ஆட்கள்

கடலூர் துறைமுகத்தில் விடியற்காலை ஏலம் நடக்கும்போது கேமராவோடு புகுந்துவிடுகிறோம். அது அவர்கள் வேலை செய்யும் இடம். கூடை தூக்கி வருபவருக்கு வழியில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து படம் எடுத்தால் திட்டத்தான் செய்வார்கள். தூரத்திலிருந்து பெரிய ஜூமில் திருட்டுத்தனமாக எடுப்பது அதைவிட மோசம். பக்கத்தில் போய், முகம் பார்த்து, "எடுத்துக்கட்டுமாம்மா?" என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் தலையாட்டுவார்கள். வேண்டாம் என்பவரை விட்டுவிட வேண்டும்.

அப்படித் தலையாட்டிய ஒரு அம்மா, படம் எடுத்து முடித்ததும் என்னை நிறுத்தினார். "என்னா தம்பி, ஆளாளுக்கு வந்து புடிச்சிகிட்டுப் போறீங்க. ஒரு படமாவது எங்க கண்ணுல காட்டியிருக்கீங்களா?"

அதுவரை எத்தனையோ ஆயிரம் படம் எடுத்திருந்தும் காகிதத்தில் போட்டது பத்துகூட இருக்காது. அந்த வாரமே பிரிண்ட் போட்டேன். கூடையும் அவர் முகமும் பளிச்சென்று வந்திருந்தன. அழகாக இருக்கட்டும் என்று கீழே 'மத்தி விற்கும் அம்மா' என்று எழுத்தும் சேர்த்திருந்தேன்.

அடுத்த ஞாயிறு கொண்டுபோய் நீட்டினேன். கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வாங்கினார். முகத்தைப் பார்க்கவில்லை, கூடையைத்தான் பார்த்தார். பக்கத்தில் இருந்த பெண்ணிடம் எழுத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மத்தியா? கவலைப்பா இது, கவலை மீனு. இந்த ஊர்ல பொறந்த புள்ளதான நீ?"