நெடுஞ்சைக்கிள் பயணத்தின் நடுவே தோட்டத்து வீட்டில் ஒரு வாரம்

இலங்கையைச் சைக்கிளில் சுற்றுகிறவர்கள் பெரும்பாலும் மலையகத்தை எப்படியாவது ஏறி இறங்கித் தீர்க்க வேண்டிய பகுதியாகத்தான் பார்க்கிறார்கள். அங்கே பிறந்து வளர்ந்து, கொழும்பிலோ வேறெங்கோ வேலை பார்த்துக்கொண்டு, அம்மா அப்பாவைத் தேயிலைத் தோட்டத்தில் விட்டுவிட்டு வந்த நமக்கு அந்தக் கணக்கு சரிவராது. பயணத்தின் நடுவில் ஒரு வாரம் காலாற இருக்க வேண்டுமென்றால் அந்த வீடுதான். ஆனால் அதற்கும் கொஞ்சம் திட்டம் வேண்டும். இல்லையென்றால் முதல் இரண்டு நாள் தூங்கி, மூன்றாம் நாள் கூரைத் தகரத்தில் ஏறி, நான்காம் நாள் சொந்தக்காரர் வீடு வீடாகத் தேத்தண்ணி குடித்து, வந்ததைவிடக் களைத்துப்போய்த்தான் கிளம்புவீர்கள்.

எந்த மாதம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஹட்டன், டிக்கோயா, பொகவந்தலாவை, மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் வீடு என்றால் மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவமழை நனைத்து எடுத்துவிடும், சனவரி முதல் மார்ச் வரை நல்லது. பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கம் ஏறக்குறைய இதற்கு எதிர்மாறு, அங்கே ஒக்டோபரிலிருந்து சனவரி வரை போகாமல் இருப்பது நல்லது. மாசி, பங்குனியில் போனால் சில தோட்டங்களில், மன்மதன் கதையை வேஷம் கட்டி ஆடும் காமன் கூத்தும் பார்க்கலாம். அப்பா அந்தக் காலத்தில் வேஷம் கட்டியவராக இருந்தால் அந்த வாரம் முழுக்கப் பேச்சுக்குப் பஞ்சமே இருக்காது. மழைக்காலத்தில்தான் லீவு கிடைக்கிறது என்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடும் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்க்காமல் மலை ஏறாதீர்கள். 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயல் மலையக வீதிகளையும் ரயில் பாதையையும் பல இடங்களில் உடைத்துப் போட்டதை மறக்க முடியாது. ஒரு பாதை திறந்திருக்கிறதா என்று போனில் வரைபடத்தைப் பார்ப்பதைவிட, அந்த வழியில் ஓடும் பஸ் கண்டக்டரிடம் கேட்பது மேல்.

வீடு பயணத்தின் கடைசியில் வரும்படி வழியைப் போடாதீர்கள் என்பது என் கருத்து. கடைசியில் வந்தால் உடம்பு செத்துப்போய் வரும், மனசு ஏற்கெனவே வேலைக்குத் திரும்பியிருக்கும், அம்மா பேசுவதற்கு ஊம் கொட்டிக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். பாதி தூரத்துக்குக் கொஞ்சம் பிறகு வந்தால் கால்களும் பழகியிருக்கும், ஓய்வும் உண்மையிலேயே தேவைப்படும்.

ஏற்றத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அவிசாவளையிலிருந்து கித்துல்கல, கினிகத்தேனை வழியாக ஹட்டனுக்குப் போகும் வீதியில் பஸ்கள் வளைவில் ஒதுங்கி வழிவிடும் என்று நம்பி ஓட்டக்கூடாது. அதிகாலையில் தொடங்கி மதியத்துக்குள் மேலே சேர்ந்துவிடுங்கள், மார்ச், ஏப்ரலில் பின்னேரத்து இடியும் மழையும் சொல்லிவைத்ததுபோல வரும். நுவரெலியா 1868 மீற்றர் உயரம், அங்கே போகிறவர்கள் ஒரே நாளில் முடிக்க நினைக்காமல் கம்பளையிலோ புசல்லாவையிலோ தங்கிவிட்டு ரம்பொடை வளைவுகளை மறுநாள் காலைக்கு வைத்துக்கொள்ளலாம். முன்னால் சின்னப் பல்சக்கரமும் பின்னால் 34 பல்லாவது உள்ள பெரிய பல்சக்கரமும் இல்லாத சைக்கிளென்றால், மூட்டையோடு தள்ளிக்கொண்டு நடக்கத் தயாராக இருங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. யாழ்ப்பாணத்தில் தெருவுக்குத் தெரு சைக்கிள் கடை இருக்கும், நம்ம பக்கம் அப்படி இல்லை. டியூப், பிரேக் கட்டை, செயின் இணைப்பு எல்லாம் கீழேயே வாங்கி வந்துவிட வேண்டும். ஓட்டோ கராஜில் வெல்டிங் செய்து தருவார்கள், காற்றும் அடித்துத் தருவார்கள், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

வருகிற நேரத்தை மட்டும் வீட்டுக்குத் துல்லியமாகச் சொல்லாதீர்கள். மூன்று மணிக்கு வருவேன் என்றால் அப்பா இரண்டு மணிக்கே மேல் ரோட்டில் போய் நிற்பார், நீங்கள் பஞ்சர் ஒட்டிக்கொண்டு ஐந்து மணிக்கு வருவீர்கள், குளிரில் அவருக்கு இருமல் வந்ததற்கு வாரம் முழுக்க அம்மாவிடம் பேச்சு வாங்குவீர்கள். இருட்டுவதற்குள் வந்துவிடுவேன் என்றால் போதும். கிளம்பும் நாளை மட்டும் முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். வயதானவர்களுக்குப் பிள்ளை போவதைவிட, எப்போது போவான் என்று தெரியாமல் இருப்பதுதான் சிரமம்.

கையில் என்ன கொண்டுபோவது? மரக்கறி வேண்டாம், அது அங்கேதான் விளைகிறது. கடற்கரைப் பக்கமாக வந்திருந்தால் கருவாடு வாங்கி வாருங்கள், மன்னார்க் கருவாட்டுக்கு இருக்கிற மரியாதை எந்தக் கேக்குக்கும் கிடையாது. இரண்டு மூன்று பொலித்தீன் பையில் சுற்றித் தனியாகக் கட்டுங்கள், உங்கள் சட்டைத்துணியோடு மட்டும் வைத்துவிடாதீர்கள். சீனி வருத்தம் உள்ள வீட்டுக்குத் தொதலும் பிஸ்கட்டும் தூக்கிக்கொண்டு போவது பாசமில்லை.

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நுழைந்ததும் எல்லோரும் வெளியே வந்து கேட்கும் முதல் கேள்வி, "ஏன் தம்பி, பஸ் இல்லையா?" என்பதுதான். அடுத்தது, "வேலை போயிருச்சா?" இதற்கு நீளமாக விளக்கம் சொல்ல வேண்டாம், சிரித்துவிட்டுச் சைக்கிளைப் பிள்ளைகளிடம் ஒரு சுற்று ஓட்டக் கொடுத்தால் விசாரணை அதோடு முடிந்துவிடும். சைக்கிளைக் கழுவும்போது தண்ணீர் வந்து விழும் பீலியில் வைத்துக் கழுவாதீர்கள், அது பத்து வீடு குடிக்கிற தண்ணீர், செயின் எண்ணெய் அதில் போகக்கூடாது. வாளியில் பிடித்துக்கொண்டு கீழே கழிவுநீர் ஓடும் கான் பக்கம் போங்கள்.

முதல் இரண்டு நாள் சாப்பாடும் தூக்கமும்தான். ரொட்டியும் கட்டச்சம்பலும் எத்தனை வைத்தாலும் உள்ளே போகும், போகட்டும், உடம்பு கேட்கிறது. மூன்றாம் நாளிலிருந்து அதே அளவு சாப்பிட்டுக்கொண்டு கட்டிலில் படுத்திருந்தால் வயிறும் பிடிக்கும், காலும் இறுகும். ஒரு வார ஓய்வில் கால் பலம் குறைந்துவிடும் என்று பயந்து தினமும் மலை ஏறுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். குறையாது. ஒருநாள் விட்டு ஒருநாள் அரை மணிநேரம் மெதுவாக ஓட்டினால் போதும், நோர்வூட் பக்கம் வீடென்றால் காசல்ரீ நீர்த்தேக்கத்து ஓரம் அதற்குத் தோதான வீதி. தேயிலை மலைக்குள் குறுக்குப் பாதையில் புகுந்தால் மழைக்காலத்தில் அட்டை கடிக்கும். குளவிக்கூடு இருக்கும் மரத்தை அப்பாவிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போவது தோட்டத்தில் அடிக்கடி நடப்பது.

அந்த வாரத்தின் முக்கிய வேலை, அவர்களுடைய நேரத்துக்கு மாறுவதுதான். விடியுமுன்னே அடுப்பு எரியும். பத்து மணிக்கு எழுந்து வந்து, காலைச் சாப்பாடு ஏன் ஆறிப்போயிருக்கிறது என்று பார்க்கிற பிள்ளையாக இருக்காதீர்கள். அவர்களோடு எழுந்து, குசினியில் அடுப்புப் பக்கமாக மிலாறு என்கிற காய்ந்த தேயிலைக் குச்சி எரியும் வெளிச்சத்தில் ஒரு சாயத்தண்ணி குடித்துவிட்டு, வேண்டுமென்றால் மறுபடி போய்ப் படுங்கள். அம்மா மனசில் இருப்பதை நடுப்பகலில் உட்கார வைத்துக் கேட்டால் வராது, அந்த நேரத்தில் தானாக வரும். மத்தியானம் அவர்கள் தூங்கும்போது நீங்களும் தூங்குங்கள். பின்னேரம் அப்பாவோடு கோயிலடி வரைக்கும் நடை. அவர் நடையின் வேகத்தில்தான் நடக்க வேண்டும், மூட்டுவலிக்காரர் படிக்கட்டில் நின்று நின்று இறங்கும்போது நாம் கீழே போய்க் காத்திருப்பது அவரை அவசரப்படுத்துவதுதான்.

முடிந்தால் கிளினிக் நாள் அந்த வாரத்துக்குள் விழும்படி வாருங்கள். மாதாமாதம் யாரோ பக்கத்து வீட்டுப் பிள்ளையின் துணையோடு போய் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள், ஒருமுறை நீங்கள் கூடப் போனால் பிரஷர் எவ்வளவு, எந்த மாத்திரை கூடியது, எது நின்றது என்பதெல்லாம் நேரிலேயே தெரியும். கிளினிக் கொப்பியை ஒவ்வொரு பக்கமாகப் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, அண்ணன் தங்கைமாருக்கும் அனுப்பிவிடுங்கள். மாத்திரை உறைகளில் காலைக்கு ஒரு சூரியன், இரவுக்கு ஒரு பிறை வரைந்து கொடுத்தால் எழுத்து வாசிக்க முடியாதவர்களுக்கும் குழப்பமிருக்காது. அவசரத்துக்கு அம்புலன்ஸ் 1990 என்று சுவரில் பெரிதாக எழுதி, பக்கத்து வீட்டிலும் சொல்லி வையுங்கள், அழைப்புக்குக் காசு வாங்க மாட்டார்கள்.

ரிப்பேர் வேலைகளில் ஒன்றையோ இரண்டையோ மட்டும் எடுங்கள், அதுவும் அவர்கள் கேட்பதை. குசினிக்கு நல்ல பல்ப், கக்கூஸுக்குப் போகும் வழியில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, இவை ஒரு காலை நேரத்தில் முடியும். காம்பராவை, அதாவது லயத்து அறையை, துப்புரவு செய்கிறேன் என்று பழைய பெட்டியையும் கொழுந்துக் கூடையையும் வெளியே தூக்கிப் போடத் தொடங்கினால், அன்றைக்கு யாரும் நிம்மதியாக இருக்க மாட்டார்கள்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் பிரேக்கைப் பாருங்கள், ஏறி வந்த கட்டை இறங்கவும் தாங்கும் என்று விடாதீர்கள். பெரகலையிலிருந்து வெல்லவாயப் பக்கம் இறங்குவதோ கினிகத்தேனையிலிருந்து கித்துல்கலைக்கு இறங்குவதோ, பிரேக்கைப் பிடித்தபடியே போனால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கும். விட்டு விட்டு அழுத்துங்கள், இடையிடையே நின்று தொட்டுப் பாருங்கள். பனிமூட்டம் விலகும்வரை கிளம்ப வேண்டாம், அம்மா இன்னொரு தேத்தண்ணி தருவார், குடியுங்கள். வழியில் ஒவ்வொரு டவுன் தாண்டியதும் ஒரு நிமிஷம் கூப்பிட்டுச் சொன்னால் அவர்களும் பயமில்லாமல் இருப்பார்கள்.

அப்புறம் அந்தப் பொதி. தேயிலைத்தூள், ஊறுகாய்ப் போத்தல், மாசிச் சம்பல், லீக்ஸ் கட்டு என்று சாக்கு நிறையக் கட்டி வைத்திருப்பார்கள். வேண்டாம் என்று சொல்லாதீர்கள். அன்றைக்குச் சாப்பிட ரொட்டியையும் சம்பலையும் மட்டும் சைக்கிளில் கட்டிக்கொண்டு, மிச்சத்தைக் கொழும்புக்குப் போகிற யாராவது தோட்டத்துப் பையனிடம் பஸ்ஸில் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள். போத்தல் மூடியை நீங்களே ஒருமுறை இறுக்கிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.