பெல்ஜிய விட் பீர் காய்ச்ச: உமி இல்லாமல் இறங்காதீர்கள்

வெயில் காலத்துக்கு எனக்கு விட் பீரை, அதாவது கோதுமை சேர்த்துக் காய்ச்சும் பெல்ஜிய பீரை, விடப் பிடித்தது கிடையாது. வெளிறிய நிறம், லேசான கலங்கல், 5 சதவீத அளவில்தான் ஆல்கஹால், கூடவே மல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் சேர்ந்த மணம். பெல்ஜியத்தில் ஹூகார்டன் என்ற ஊரின் பீர் இது. 1950களில் அங்கே இதைக் காய்ச்ச ஆளே இல்லாமல் போய், பால்காரராக இருந்த பியேர் செலிஸ் 1960களின் நடுவில் மறுபடி தொடங்கினார்.

20 லிட்டருக்கு: பில்ஸ்னர் மால்ட் (முளைகட்டி உலர்த்திய வெளிறிய பார்லி) 2.2 கிலோ, முளைகட்டாத கோதுமை அவல் 2 கிலோ, ஓட்ஸ் 250 கிராம், நெல் உமி 250 கிராம்.

இவற்றை வெந்நீரில் கலந்து, கலவையை 50 டிகிரியில் கால் மணி நேரம், பிறகு 67 டிகிரியில் ஒரு மணி நேரம் வையுங்கள். சரி, இனி தானியத்திலிருந்து இனிப்புச் சாற்றை வடிகட்ட வேண்டும். முதல் தடவை நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். குழாயைத் திறந்தால் நாலு சொட்டு வந்து நின்றுவிட்டது, இரண்டு மணி நேரம் கிளறியும் கஞ்சி மாதிரி அப்படியே இருந்தது. பார்லிக்கு உமி உண்டு, அதுவே அடியில் படிந்து வடிகட்டியாகிவிடும். கோதுமைக்கு அது கிடையாது, போதாததற்கு ஓட்ஸின் கொழகொழப்பு வேறு. அதனால்தான் நெல் உமி. அதை நன்றாகக் கழுவி ஊறவைத்துப் போடுங்கள், காய்ந்ததைப் போட்டால் இனிப்புச் சாற்றை அது குடித்துவிடும். வடிக்கும் முன் சூட்டை 76 டிகிரிக்கு ஏற்றுங்கள், சாறு இளகி ஓடும். குழாயை மெதுவாகத் திறப்பது முக்கியம், அவசரப்பட்டால் அடியில் படிந்த தானியப் படுகை இறுகிவிடும்.

அப்புறம் 60 நிமிடக் கொதி. தொடக்கத்திலேயே சாட்ஸ் ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பு தரும் பூ) 40 கிராம், கடைசி 5 நிமிடத்தில் மல்லி விதை 15 கிராம், இரண்டு ஆரஞ்சின் மேல்தோல். உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதி சேரக் கூடாது, கசக்கும். மல்லிக்கு மிக்ஸி வேண்டாம், சின்ன உரலில் இரண்டாக உடைந்தால் போதும். ஐரோப்பியக் கடைகளில் கிடைக்கும் உருண்டை மல்லியை விட நம் ஊர் நீள்வட்ட மல்லியில்தான் எலுமிச்சை வாசம் தூக்கலாக இருக்கும், இந்தியக் கடையிலேயே வாங்குங்கள்.

20 டிகிரிக்கு ஆறவைத்து ஈஸ்ட் சேருங்கள். நான் வைஈஸ்ட் நிறுவனத்தின் விட் பீர் ஈஸ்டான 3944 தவிர வேறு எதையும் இதற்குப் போடுவதில்லை, அந்த லேசான காரமணம் அதில்தான் வருகிறது. ஆறிய சாற்றைத் தொடும் எல்லாமே கிருமிநீக்கம் செய்ததாக இருக்க வேண்டும். சுமார் 10 நாள் கழித்து ஹைட்ரோமீட்டர் (சாற்றின் அடர்த்தியை அளக்கும் கருவி) இரண்டு நாள் தொடர்ந்து ஒரே எண்ணைக் காட்டினால், லிட்டருக்கு 7 கிராம் சர்க்கரை சேர்த்து பாட்டிலில் அடையுங்கள். அவசரப்பட்டு அடைத்தால் பாட்டில் வெடிக்கும். இரண்டு வாரத்தில் குடிக்கலாம்.

பின்சேர்க்கை: உமி கிடைக்காமல் தவிடு போட்டு, முன்பை விட மோசமாக அடைத்துக்கொண்டதாக ஒருவர் எழுதியிருந்தார். தவிடு மாவு போல நைசானது, இருக்கிற துளையையும் அடைத்துவிடும். உமி கிடைக்காவிட்டால் தானியத்தைத் துணிப் பையில் கட்டி ஊறவைத்து, பையைத் தூக்கிப் பிழியுங்கள்.