கேட்பதற்கு முன்பே முடிவு கட்டாதீர்கள்: டெல்டா கிராமப் பள்ளிக்குப் புதிதாக வரும் ஆசிரியர்களுக்கு

தை மாதத்தில் ஒருநாள். நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் காலை பத்து மணிக்கே சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டான். முந்தின நாளும் அப்படித்தான். எனக்குக் கோபம் வந்தது. எழுப்பி நிற்க வைத்து, "ராத்திரி பூரா போன் பாத்தியா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் பதில் சொல்லவில்லை. மதியம் சத்துணவு சமைக்கும் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "டீச்சர், அவங்க நெல்லு கொள்முதல் நிலையத்துல கொட்டிக் கெடக்கு. நாலு நாளா அவனும் அவங்க அப்பாகூட அங்கதான் படுக்குறான்."

சம்பா அறுவடை முடிந்ததும் நெல்லைக் கொண்டுபோய் நேரடிக் கொள்முதல் நிலையத்தில் குவித்துவிட்டு, முறை வரும்வரை காத்திருப்பது இங்கே வழக்கம். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள். அதனால் பகலில் கிளறிக் காய வைக்க வேண்டும். இரவில் பனிக்குத் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும், ஆடு மாடு வாய் வைக்காமல் காவல் இருக்க வேண்டும். டெல்டாவில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாத விஷயம் இல்லை. தெரிந்திருந்தும், அந்தப் பையன் தூங்கியபோது என் நினைவுக்கு வந்தது போன்தான்.

பதினெட்டு வருஷமாகத் தொடக்கப் பள்ளியில் இருக்கிறேன். செய்த தவறுகளை எண்ணிப் பார்த்தால் முக்கால்வாசி இதே வகைதான். கேட்பதற்கு முன்பே முடிவு கட்டிவிடுவது. புதிதாக வேலைக்கு வரும் தம்பி தங்கைகளும் இதே இடத்தில் தடுக்கி விழுவதைப் பார்க்கிறேன். அதனால் எழுதுகிறேன்.

காலை முதல் அரைமணி நேரம்

நீங்கள் உள்ளே நுழையும்போதே நாலு பிள்ளைகள் ஓடி வருவார்கள். ஒருவனுடைய பென்சிலை இன்னொருவன் எடுத்திருப்பான். ஒருத்திக்குக் காலில் முள் குத்தியிருக்கும். தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழியும். காலை உணவு சாப்பிட்ட தட்டுகளைக் கழுவிக்கொண்டிருப்பார்கள். இதற்கு நடுவில் வருகைப் பதிவைச் செயலியில் ஏற்ற வேண்டும், சிக்னல் கிடைக்காது.

இந்த நேரத்தில் போனைக் கையில் எடுத்துக்கொண்டு உட்காருவதுதான் நாம் அதிகம் செய்யும் தவறு. பதிவு முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஐந்து நிமிஷம் தள்ளிப் போனாலும் அது நடந்துவிடும். பிள்ளைகளின் முகத்தை அந்த ஐந்து நிமிஷத்தில் பார்க்காவிட்டால் அன்றைக்கு முழுவதும் பார்க்க மாட்டோம். யார் அழுதுவிட்டு வந்திருக்கிறார்கள், யாருக்குக் காய்ச்சல், யார் சாப்பிடவில்லை என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 அன்று நாகப்பட்டினம் மாவட்டம் திருக்குவளையில் வைத்துத்தான் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. எங்கள் பள்ளியில் அதற்குப் பிறகு முதல் பாடவேளை நன்றாகவே மாறிவிட்டது. ஆனாலும் தாமதமாக வருகிற பிள்ளை அதைத் தவறவிட்டுவிடும். "ஏன் லேட்டு?" என்று கேட்பதற்கு முன்னால் "சாப்பிட்டியா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றாகவே இருக்கும்.

வயலின் காலண்டர்

பள்ளிக்கூடத்தின் காலண்டரில் காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டு என்று இருக்கிறது. ஊரின் காலண்டரில் குறுவை, சம்பா, தாளடி என்ற நெல் பருவங்கள். மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறப்பது வழக்கம், பள்ளி திறப்பதும் ஏறக்குறைய அதே நாட்களில்தான். தண்ணீர் வந்த வருஷம் நடவு வேலை கிடைக்கும். தாய்மார்கள் விடியற்காலையிலேயே வயலுக்குப் போய்விடுவார்கள், மூத்த பெண்பிள்ளை தம்பியைக் கிளப்பிப் பள்ளிக்கு அழைத்து வரும். தண்ணீர் வராத வருஷம் திருப்பூர் பக்கம் வேலை தேடிப் போகிற குடும்பங்கள் உண்டு. வருகைப் பதிவேட்டில் இரண்டும் வெறும் வராத நாட்கள்தான். ஆனால் முதலாவதற்குத் தேவை காலையில் கொஞ்சம் பொறுமை. இரண்டாவதற்கு, அந்தக் குடும்பம் போன ஊரில் பிள்ளை பள்ளியில் சேர்ந்ததா என்று போன் செய்து விசாரிக்க வேண்டும். விசாரிக்காமல் விட்ட ஒரு பிள்ளையை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தம்தான்.

ஐப்பசி, கார்த்திகையில் மழை விடுமுறை வரும். விட்டுப்போன பாடத்தையெல்லாம் தை, மாசியில் ஓட்டி முடித்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். அது அறுவடைக் காலம். மழைக்கு முன்பே, ஆவணி புரட்டாசியிலேயே கடினமான பாடங்களை முடித்துக்கொள்வது நல்லது.

பிள்ளைக்குத் தெரிந்ததைத் தெரியாததாக நினைப்பது

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நான் அதிகம் இழந்தது இங்கேதான்.

ஐந்தாம் வகுப்பில் பரப்பளவு நடத்திக்கொண்டிருந்தேன். சதுர மீட்டர் யாருக்கும் ஏறவில்லை. கணக்கே வராத பிள்ளைகள் என்று மனதுக்குள் எழுதிவிட்டேன். ஒருநாள் மதிய இடைவேளையில் அதே பிள்ளைகள், யார் வீட்டு வயல் பெரியது என்று சண்டை போட்டார்கள். "எங்களுது ஆறு மா." "எங்க தாத்தா வச்சிருந்தது ஒரு வேலி." அப்போதுதான் உறைத்தது, இவர்களிடம் ஏற்கெனவே ஒரு முழு அளவை முறை இருக்கிறது என்று.

ஒரு குழி என்பது 12 அடிக்கு 12 அடி, அதாவது 144 சதுர அடி. 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி. மூன்று மா சேர்ந்தால் ஏறக்குறைய ஓர் ஏக்கர். அடுத்த நாள் 12 அடிக் கயிறு ஒன்றை எடுத்துக்கொண்டு வெளியே போனோம். மண்ணில் ஒரு குழி வரைந்தார்கள். அதைப் பத்துக்குப் பத்தாக அடுக்கினால் ஒரு மா, 120 அடிக்கு 120 அடி. எங்கள் விளையாட்டுத் திடல் ஒரு மாவுக்குக் கொஞ்சம் குறைவு என்று அவர்களே அளந்து கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகு சதுர மீட்டருக்கு வருவது சிரமமாக இல்லை. கொள்முதல் நிலையத்தில் ஒரு மூட்டை 40 கிலோ. நாற்பதாம் வாய்பாடு எங்கள் பிள்ளைகளுக்கு அதனாலேயே தெரியும், பதினாறாம் வாய்பாட்டில் தடுமாறுகிறவனுக்கும்கூட.

தமிழிலும் இதே கதைதான். மூன்றாம் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை "நேத்து ஆத்துல தண்ணி வந்துச்சு" என்று எழுதியிருந்தாள். நான் சிவப்பு மையால் நாலு இடத்தில் கோடு போட்டுக் கொடுத்தேன். அடுத்த முறை "ஆறு பெரியது" என்று இரண்டே சொல்லில் எழுதி நீட்டினாள். அதில் தவறு ஒன்றுமில்லை, ஆனால் அவள் சொல்ல நினைத்ததும் அதில் இல்லை.

சரி, வேறு வழி பார்ப்போம் என்று, "நேத்துன்னு பேசுறோம், எழுதும்போது நேற்று. ஆத்துத் தண்ணி, ஆற்றுத் தண்ணீர்" என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினேன். காத்து, காற்று. நாத்து, நாற்று. பிடித்துக்கொண்டாள். ஒரு வாரம் கழித்து அவள் நோட்டில் "பற்று ரூபாய்" என்றும் "பாற்றுப் போ" என்றும் இருந்தது. பத்து, பற்று ஆகிவிட்டது. பார்த்து, பாற்று ஆகிவிட்டது.

இதையும் தவறு என்று அடித்துவிட்டுப் போயிருப்பேன். நல்லவேளை, "ஏன்டா இப்படி எழுதின?" என்று அன்றைக்குக் கேட்டேன். "நீங்கதான டீச்சர் சொன்னீங்க, த்து வந்தா ற்று போடணும்னு" என்றாள். அவள் ஒரு விதியைத் தானே கண்டுபிடித்து, எல்லா இடத்திலும் பொருத்திப் பார்த்திருக்கிறாள். கரும்பலகையில் மூன்று வரிசை போட்டோம். முதல் வரிசையில் நேற்று, காற்று, நாற்று. இரண்டாவதில் பார்த்து, சேர்த்து, வளர்த்து. மூன்றாவதில் பேசினாலும் எழுதினாலும் மாறாத பத்து, முத்து, கொத்து. "சேத்துல கால வச்சான்" என்பதிலும் "காச சேத்து வச்சான்" என்பதிலும் ஒரே ஒலிதான், ஆனால் ஒன்று சேற்றில், இன்னொன்று சேர்த்து. இதைக் கண்டுபிடித்த அன்று வகுப்பில் எழுந்த சத்தத்துக்குத் தலைமையாசிரியரே எட்டிப் பார்த்தார். பிள்ளைகள் வீட்டிலிருந்து சொற்களைப் பிடித்துக்கொண்டு வந்து எந்த வரிசை என்று மாதக்கணக்கில் கேட்டார்கள்.

அரும்பு, மொட்டு, மலர்

இரண்டு ஆசிரியர், ஐந்து வகுப்பு என்றிருக்கும் பள்ளிகள் நம் பக்கம் நிறைய. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அவரவர் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லிக் கொடுக்கிறோம். பல வகுப்புகளை ஒன்றாக வைத்து நடத்துகிறவர்களுக்கு இது உண்மையிலேயே உதவுகிறது. தவறு எங்கே வருகிறது என்றால், அந்தப் பெயர் பிள்ளைமேல் ஒட்டிக்கொள்வதில். "அரும்பெல்லாம் இங்க வாங்க" என்று நாம் அவசரத்தில் கூப்பிடுவோம். இடைவேளையில் "போடா அரும்பு" என்று இன்னொரு பிள்ளை திட்டும். நிலை என்பது அந்தந்தப் பாடத்துக்கு, அந்தந்த மாதத்துக்கு உள்ளது. பெயர் சொல்லியே கூப்பிடுங்கள்.

அடிப்பதைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. "கண்ண மட்டும் விட்டுட்டு மத்ததெல்லாம் உரிச்சுடுங்க டீச்சர்" என்று பெற்றோரே சொன்னாலும் கூடாது. நான் அன்று அந்தப் பையனை எல்லோர் முன்னாலும் நிற்க வைத்தேனே, அதுவும் அதே பிரிவுக்குள்தான் வரும்.

பெற்றோரைப் புகார் சொல்ல மட்டும் கூப்பிடாதீர்கள். பள்ளியிலிருந்து போன் என்றாலே "எம்மவன் என்ன பண்ணுனான் டீச்சர்?" என்று பதறுகிறார்கள். மாதத்தில் ஒரு முறையாவது நல்ல செய்தி சொல்லக் கூப்பிடுங்கள்.

மழையும் தண்ணீரும்

பாதுகாப்பு என்பது தலைமையாசிரியர் வேலை, கட்டடம் பொதுப்பணித் துறை வேலை என்று ஒதுங்கிவிடுவது பெரிய தவறு. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கூரையில் பற்றிய தீயில் 94 குழந்தைகள் இறந்தார்கள். டெல்டாவில் ஆசிரியராக இருக்கிற யாரும் அந்தத் தேதியை மறக்க முடியாது. நம் கையில் இருப்பது சின்னச் சின்ன வேலைகள்தான். வகுப்பறைக் கதவு வெளிப்பக்கம் பூட்டாமல் இருக்கிறதா, ஈரம் ஊறிய சுவரில் சுவிட்சு இருக்கிறதா, கழிப்பறையில் பாம்பு புகுந்திருக்கிறதா என்று காலையில் ஒரு சுற்றுப் பாருங்கள். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் வாய்க்கால் ஓரமாக நடந்து போகிற பிள்ளைகள் யார் யார் என்று தெரிந்துகொண்டு, பெரிய பிள்ளையோடு சின்னதைச் சேர்த்து அனுப்புங்கள். வாசலில் நின்று எண்ணி அனுப்ப மூன்று நிமிஷம் போதும்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. எங்கள் பகுதியில் வீட்டுக் கூரையும் தென்னையும் போயின. பள்ளி மறுபடி திறந்த அன்று, விட்ட பக்கத்திலிருந்தே பாடத்தைத் தொடங்கினேன். பிள்ளைகள் வழக்கமான நிலைக்குத் திரும்ப அதுதான் வழி என்று நினைத்தேன். யார் காதிலும் ஏறவில்லை. கடைசியில் ஒரு பையன் எழுந்து, "டீச்சர், எங்க வீட்டுத் தென்னமரம் விழுந்தத வரையட்டா?" என்று கேட்டான். அன்று மாலைவரை எல்லோரும் விழுந்த மரங்களையே வரைந்தார்கள், ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்து.

பலனை எங்கே தேடுவது

தேர்வுத் தாளில் மட்டும் தேடினால் இந்த வேலை சீக்கிரமே சலித்துவிடும். புதிதாக வந்தவர்கள் இரண்டாம் வருஷத்திலேயே சோர்ந்து போவதற்கு இதுவும் ஒரு காரணம். நாம் சொல்லிக் கொடுத்தது எங்கே போய்ச் சேர்ந்தது என்பது பெரும்பாலும் வகுப்பறைக்கு வெளியில்தான் கண்ணில் படும்.

பற்று ரூபாய் எழுதினாளே, அந்தப் பெண்பிள்ளையை ஒரு சனிக்கிழமை பேருந்து நிறுத்தத்தில் பார்த்தேன். அவளுடைய அப்பாயிக்குப் படிக்கத் தெரியாது. எந்தப் பேருந்து வந்தாலும் பக்கத்தில் நிற்பவரைக் கேட்டுத்தான் ஏறுவார். அன்றும் ஒரு பேருந்து வந்து நின்றது, அவர் அவசரமாகப் படியில் கால் வைத்தார். அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள். "அப்பாயி, இது மன்னார்குடி. நம்மளுது இல்ல." அடுத்து வந்த வண்டியின் பலகையை எழுத்தெழுத்தாகக் கூட்டினாள். திரு, த், து, றை, ப், பூண், டி. முடித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்து, "டீச்சர், இதுல பெரிய ற வருது" என்றாள். அப்பாயி அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினார்.