பழைய பைக்கா? முதலில் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள்

பெங்களூரில் 30,000 ரூபாய்க்குள் பழைய பைக் தேடுகிறவர்கள், வண்டி பார்க்கக் காலையிலேயே போய்விடுங்கள். இன்ஜின் சூடாக இருந்தால், ஸ்டார்ட் ஆகும்போது தெரியும் கோளாறை மறைக்க முன்கூட்டி ஓடவிட்டிருக்கலாம். நன்றாக ஆறவிட்டு நீங்களே கிக்கரை உதையுங்கள். ஸ்டார்ட் ஆனதும் கொஞ்சம் நீலப்புகை வந்து நின்றுவிட்டால் பெரும்பாலும் வால்வு சீல் (எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர்) தேய்ந்திருக்கும். ஆக்சிலரேட்டரை முறுக்கும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கும். போர் வேலை (சிலிண்டரைக் கடைந்து சரிசெய்வது) வரை இழுத்துவிடும், அந்த வண்டியை விட்டுவிடுங்கள். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவா? சின்னச் செலவு, பேரத்துக்கு உதவும்.

டிராஃபிக் அபராத பாக்கியை இணையத்தில் வண்டி எண் போட்டுப் பாருங்கள். ஆர்சியில் (பதிவுச் சான்றில்) கடன் குறிப்பு இருந்தால் வங்கியின் என்ஓசியும் (தடையில்லாச் சான்று), கடன் குறிப்பை நீக்கும் படிவம் 35-ம் கைக்கு வராமல் முன்பணம் வேண்டாம். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ல் விற்பவர் கையெழுத்து அவசியம். ஓசூரில் மலிவு என்று டிஎன் (தமிழ்நாட்டுப் பதிவு) வண்டி எடுத்தால், அங்குள்ள ஆர்டிஓவிடம் தடையில்லாச் சான்று வாங்கும் படிவம் 28 அலைச்சலும் கர்நாடகச் சாலை வரியும் தனி.