ஜாபிக்ஸில் எஸ்என்எம்பி ட்ராப்: முதல் ட்ராப் வந்து சேரும்வரை

நெட்வொர்க் கருவிகளைக் கண்காணிக்கும் மென்பொருள் ஜாபிக்ஸ். சுவிட்ச் போன்ற கருவிகளோடு அது பேசப் பயன்படும் நெறிமுறை எஸ்என்எம்பி. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சுவிட்சிடம் ஜாபிக்ஸ் நிலைமை கேட்பது போலிங். இரண்டு கேள்விகளுக்கு நடுவே ஒரு போர்ட் விழுந்து எழுந்தால் நமக்குத் தெரியாமலே போகலாம். ட்ராப் அப்படியல்ல, போர்ட் விழுந்ததுமே சுவிட்ச் தானாகச் சொல்லிவிடும்.

ஆனால் ட்ராப் வருவது யூடிபியில் (சேர்ந்ததா என்று உறுதி கேட்காத அனுப்பு முறை), சர்வரின் 162ஆம் போர்ட் எண்ணுக்கு (இது கேபிள் செருகும் போர்ட் அல்ல). வழியில் தொலைந்தால் அனுப்பிய சுவிட்சுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. அதனால் எல்லாவற்றையும் அமைத்துவிட்டுக் கடைசியில் சோதிக்காதீர்கள். ஒவ்வொரு படியிலும் ட்ராப் அதுவரை வந்ததா என்று பார்த்துவிட்டு நகருங்கள்.

படி 1. சுவிட்சில் ஜாபிக்ஸ் சர்வரின் ஐபி, எஸ்என்எம்பி வெர்ஷன் 2சி, கம்யூனிட்டி பெயர் (கடவுச்சொல் போன்றது) மூன்றையும் கொடுங்கள். இப்போதைக்கு லிங்க் அப், லிங்க் டவுன் ட்ராப்கள் மட்டும் போதும். எல்லாவற்றையும் திறந்துவிட்டால் முதல் நாளே குப்பை குவியும்.

படி 2. சர்வரில் டிசிபிடம்ப் (வந்துபோகும் பாக்கெட்டுகளைக் காட்டும் கருவி) ஓட்டி, யூடிபி 162ஐக் கவனித்தபடி, யாரும் பயன்படுத்தாத போர்ட்டில் ஒரு கேபிளைச் செருகிப் பிடுங்குங்கள். பாக்கெட் தெரிந்தால் சரி. இங்கே தெரிந்தும் அடுத்த படியில் வரவில்லை என்றால், முதலில் சர்வரின் ஃபயர்வாலைப் பாருங்கள். டிசிபிடம்ப், ஃபயர்வால் தடுப்பதற்கு முன்பே பாக்கெட்டைப் பார்த்துவிடும்.

படி 3. நெட்-எஸ்என்எம்பி என்ற மென்பொருள் தொகுப்பில் உள்ள எஸ்என்எம்பிட்ராப்டி புரோகிராம்தான் ட்ராப்பை வாங்கும். அதன் கான்ஃபிக் ஃபைலில் உங்கள் கம்யூனிட்டியை அனுமதிக்க வேண்டும். இல்லாவிட்டால் வருவதைத் தூக்கி எறிந்துவிடும். அதே ஃபைலில் ஜாபிக்ஸ் தரும் பெர்ல் ஸ்கிரிப்டையும் இணையுங்கள். அது ஒவ்வொரு ட்ராப்பையும் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதும்.

அந்த ஃபைலைத் திறந்து நிதானமாகப் படியுங்கள். 1.3.6.1.6.3.1.1.5.3 என்றால் லிங்க் டவுன், கடைசி எண் 4 என்றால் லிங்க் அப். கூடவே எந்த இன்டர்ஃபேஸ் என்ற எண்ணும் அட்மின் நிலை (நாம் வைத்திருப்பது), ஆப்பர் நிலை (உண்மையில் இருப்பது) இரண்டும் இருக்கும். அட்மின் 1, ஆப்பர் 2 என்றால் போர்ட் திறந்தே இருக்கிறது, இணைப்புதான் போயிருக்கிறது. அட்மினும் 2 என்றால் யாரோ வேண்டுமென்றே மூடியிருக்கிறார்கள். நள்ளிரவில் எழுந்து ஓட வேண்டுமா என்பதை இந்த ஓர் எண் சொல்லிவிடும்.

படி 4. ஜாபிக்ஸ் சர்வர் கான்ஃபிக்கில் எஸ்என்எம்பி ட்ராப்பரை 1 ஆக்கி, அந்த டெக்ஸ்ட் ஃபைலின் பாதையை அப்படியே கொடுத்து, சர்வரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். அப்புறம் ஜாபிக்ஸில் அந்த சுவிட்சுக்கான பதிவான ஹோஸ்ட்டில், எஸ்என்எம்பி ட்ராப் வகை ஐட்டம் (சேகரிக்க வேண்டிய ஒரு தகவல்) ஒன்றைச் சேருங்கள். எந்த ட்ராப் வேண்டும் என்று சொல்லும் ரெஜெக்ஸ் (தேடும் வடிவம்) எழுதும்போது, ஃபைலில் எண் வருகிறதா பெயர் வருகிறதா என்று பார்த்து அதற்கேற்ப எழுதுங்கள்.

பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஜாபிக்ஸ் ட்ராப்பை ஹோஸ்ட்டோடு சேர்ப்பது, அனுப்பிய முகவரியை ஹோஸ்ட்டின் எஸ்என்எம்பி இன்டர்ஃபேஸ் முகவரியோடு ஒப்பிட்டு. சுவிட்சுக்குப் பல ஐபி இருந்தால் ட்ராப் வேறொன்றிலிருந்து கிளம்பிவிடும். ஃபைலில் ட்ராப் இருக்கும், ஹோஸ்ட்டில் ஒன்றுமே இருக்காது. ஜாபிக்ஸ் லாகில் பொருந்தாத ட்ராப் என்று ஐபியோடு வரி வந்திருக்கிறதா பாருங்கள். வந்திருந்தால், சுவிட்சில் ட்ராப் கிளம்பும் இன்டர்ஃபேஸை மேனேஜ்மென்ட் ஐபிக்கு மாற்றுங்கள்.

இது ஓடிய பிறகு வெர்ஷன் 3க்குப் போங்கள். 2சியில் கம்யூனிட்டி பெயர் மறைக்கப்படாமலே போகிறது. 3இல் ட்ராப்புக்கு, அனுப்பும் சுவிட்சின் எஞ்சின் ஐடியையும் (அந்த சுவிட்சுக்கே உரிய அடையாள எண்) எஸ்என்எம்பிட்ராப்டியில் பயனர் பெயரோடு சேர்த்துப் பதிய வேண்டும்.